காரணமின்றி நடத்தல்: ஊவா தோட்டப்புறத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

நடத்தல் இருவகைப்படும்: காரணத்தோடு நடத்தல், காரணமின்றி நடத்தல். இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் முதல் வகை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். காலையில் பேர் பதியும் பிரட்டுக்குப் போவது, மலைக்கு ஏறுவது, கொழுந்து நிறுக்க மடுவத்துக்கு இறங்குவது, விறகுக்கும் கடைக்கும் கோயிலுக்கும் போவது எல்லாம் அதில் அடங்கும். காற்று வாங்கப் போவது இரண்டாம் வகை. அப்படி ஒரு வகை இங்கே உண்டு என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைநாட்டில் காற்று வாங்க வெளியே போக வேண்டியதில்லை, அது தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குள்ளேயே வரும் என்பார் ஒருசாரார். அது பொருந்தாது. என்னை? லயத்துக்குள் வரும் காற்று தகர இடுக்கு வழியே வருவது. கேளாமல் நுழைந்ததை வாங்கியதாகக் கொள்ளலாகாது.

2. முன்னோர்

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். ஊவாவுக்கு வந்தவர்கள் அதற்கப்பாலும் நடந்தார்கள். காய்ச்சலிலும் கழிச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். அவ்வளவு நடந்த பரம்பரை, இனி வேலையில்லாமல் ஓரடி எடுத்து வைப்பதில்லை என்று முடிவு கட்டியிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

ரயிலோ சற்றும் அவசரப்படவில்லை. 1894இல் பண்டாரவளைக்கு வந்த பாதை பதுளையைத் தொட 1924 ஆயிற்று. ஏறத்தாழ முப்பது கிலோமீட்டருக்கு முப்பது ஆண்டு. கால்நடையாய் வந்திருந்தால் பொழுது சாய்வதற்குள் டவுனுக்கு வந்து தேத்தண்ணீர் குடித்திருக்கலாம்.

3. தடை

லயத்து வாசலைக் கடப்பவர் கேள்விக்குத் தப்ப முடியாது.

"என்ன தம்பி, எங்க போறீங்க?"

"சும்மாதான் அக்கா, ஒரு நடை."

"சும்மாவா? வீட்டுல யாருக்கும் மேலுக்கு முடியலையா?"

"அதெல்லாம் இல்ல அக்கா."

"அப்ப சண்டையா?"

அடுத்த பதில் வருமுன் செய்தி மேட்டு லயத்துக்கு ஏறிவிடும். இதை அறிந்தோர் கையில் ஒரு பையோடு புறப்படுவர். பைக்குள் ஒன்றும் இராது. ஆயினும் 'கடைக்குப் போகிறார்' என்று அது சாட்சி சொல்லும். பக்கத்து டிவிசனில் கடை இருக்க, ஒரு நெருப்புப்பெட்டிக்காக டவுன்வரை நடப்பவரைக் கண்டால் அவர் இரண்டாம் வகையினர் எனத் துணிக. மருமகள்கள் கோயிலுக்குப் போகும் வழி ஏன் போகும்போது ஒன்றாகவும் வரும்போது வேறாகவும் இருக்கிறது என்பதற்கும் இதுவே விடை.

4. தண்டவாளம்

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் 1921இல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டிய ஒன்பது வளைவுப் பாலம் நிற்கிறது. நீளம் 91 மீட்டர், உயரம் 24 மீட்டர். வெளிநாட்டார் நாள் முழுதும் அதன்மேல் நடந்து படம் பிடிக்கிறார்கள். எங்கே போகிறீர்கள் என்று அவர்களை எந்த அக்காவும் கேட்பதில்லை. காரணமின்றி நடக்கும் உரிமை கடவுச்சீட்டோடு சேர்ந்து வருவது என்று இதிலிருந்து பெறப்படும்.

சிலிப்பர் கட்டைகளோ நடப்பவனை மனத்தில் வைத்துப் போடப்பட்டவை அல்ல. கட்டைக்கு ஓரடி வைத்தால் நடை குறுகும். ஒன்றைத் தாண்டி வைத்தால் தொடை இழுக்கும். போதாததற்கு, ரயில் பாதையில் நடப்பது சட்டப்படி குற்றம். ஆகவே இவ்வாய்வு தேயிலைக்குள் போகும் ஒற்றையடிப் பாதையையே பரிந்துரைக்கிறது.

தெமோதரையில் ஒரு வேடிக்கை உண்டு. நிலையத்தை விட்டுப் பதுளைக்குப் புறப்படும் ரயில், மலையைச் சுற்றி வந்து அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றியதைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு இந்த யோசனை பிறந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யானால், சுற்றிப் போவதும் ஒரு போக்கே என்று அரசாங்கச் செலவில் மெய்ப்பித்த பெருமை அந்தத் தலைப்பாகையைச் சேரும்.

5. பருவம்

ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வறண்ட காற்று வீசும். கொழுந்தில் வாசம் ஏறுவதும் உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்கு விலை ஏறுவதும் அப்போதுதான். அந்த மாதங்களில் ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையை, கடந்து நடப்பவனுக்கு அந்த வாசம் இலவசம். அக்டோபருக்குப் பின் மழை; மழையோடு அட்டை. காலில் சவர்க்காரம் பூசிக்கொள்வது நன்று. அட்டை மட்டும் காரணம் கேட்பதில்லை.

6. எதிர்ச்சான்று

அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்ன தோட்டத்தில் 1890இல் தேயிலை வணிகர் தாமஸ் லிப்டன் கட்டிய ஸ்டோர் இருக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் மேலே ஏறினால் 'லிப்டன் சீட்'. அவர் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்த இடம். இன்றைக்கும் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சரிவில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கூடையும் இடுப்பில் கட்டிய படங்குமாய் ஏறி இறங்கியவர்களுக்கு எண்ணில்லை. அவர்கள் நடந்த எந்த இடத்துக்கும் பெயரில்லை. ஊவாவில் வரலாற்றில் இடம்பிடிக்க வேண்டுமாயின் நடக்கக் கூடாது, உட்கார வேண்டும் என்பது இதன் கருத்து.

7. துணிபு

இரண்டாம் வகை நடை தோட்டப்புறத்தில் உண்டு, பைக்குள் ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுக்கும் காலம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பையை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள். எங்கே என்று கேட்டால் கேட்டவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். லிப்டன் சீட்டுக்குப் போவோர் ஆட்டோவில் ஏறாமல் நடந்தே ஏறுங்கள். எதிரே கூடையோடு யாராவது இறங்கி வந்தால், பாதை அவருடையது: ஒதுங்கி வழிவிடுங்கள்.