கடைசி ரயிலுக்கு முன் கோல் போடவும்

பெறுநர்:
இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம்,
வெம்பிளி அரங்கம், லண்டன்.

பிரதி: தண்டவாளங்களைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரெயில் நிறுவனம்.

பொருள்: ஆட்ட நாளில் ஆட்டத்துக்கு வந்து சேர்வதும், முடிந்தால் வீடு திரும்புவதும்.

ஐயா, அம்மணி,

நான் உங்கள் அயலவன். உங்கள் அரங்கத்தின் மேல் நிற்கிற 133 மீற்றர் வளைவு எங்கள் வீட்டுக் குசினி யன்னலால் பார்த்தால் தெரியும். ஆகவே இதை ஓர் எதிரியின் கடிதமாக எடுத்துவிடாதீர்கள். தீவிர ரசிகனின் கடிதம்கூட இல்லை. வேலை முடிந்து பின்னேரம் வீட்டுக்கு வர விரும்புகிற சாதாரண மனிதன் நான். அந்த ஒரே விருப்பத்தோடு ஆட்ட நாட்களில் உங்கள் அரங்கத்தைச் சுற்றி நின்று நின்று, 200 மைல் தாண்டிப் போகவேண்டியவர்களோடு பேச்சுக் கொடுத்துப் பழகிவிட்டேன். அவர்கள் உங்களுக்கு எழுதமாட்டார்கள். அவர்களுக்கு ரயில் பிடிக்கிற அவசரம். எனவே நான் எழுதுகிறேன்.

முதலில் பாராட்டு. 2022 ஏப்ரல் 16ஆம் திகதி நடந்த எஃப்.ஏ. கிண்ண அரையிறுதியை நிர்வாகக் கலை பயில்கிறவர்கள் எல்லோரும் படிக்கவேண்டும். மோதியவை லிவர்பூலும் மான்செஸ்டர் சிட்டியும். வடமேற்கு இங்கிலாந்தில் ஒன்றுக்கொன்று ஐம்பது கிலோமீற்றர் அளவில் கிடக்கிற இரண்டு நகரங்கள். ஆட்டத்தை நீங்கள் வைத்ததோ 200 மைல் தெற்கே, வெம்பிளியில். அந்த இரண்டு நகரத்தாரும் லண்டனுக்கு ரயிலேறினால் வந்திறங்குவது யூஸ்டனில். அன்றைக்கு ஈஸ்டர் சனிக்கிழமை. மில்டன் கீன்ஸுக்கும் யூஸ்டனுக்கும் இடையில் பாதை வேலை. இரண்டு ஊரிலிருந்தும் லண்டனுக்கு நேரடி ரயில் ஒன்றுகூட இல்லை.

இரு நகரப் பிராந்தியங்களின் மேயர்களும் சேர்ந்து, ஆட்டத்தை மாற்றுவது பற்றி யோசியுங்கள் என்று உங்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். (அவர்கள் கடிதம் இதைவிட மரியாதையானது. பலன் அநேகமாக ஒன்றாகத்தான் இருக்கும்.) நீங்கள் மனமிரங்கி 100 பஸ்களை இலவசமாக ஒழுங்குசெய்தீர்கள். 5,000 பேர் வரை வரலாம் என்றீர்கள். பஸ்ஸுக்கு ஐம்பது பேர், கணக்கு சுத்தம். அரங்கத்தில் 90,000 ஆசனங்கள் இருப்பது மட்டும் கணக்குக்கு வெளியே நின்றுவிட்டது.

எங்கள் ஊரில் யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்கள் உண்டு. வெயில், காடு, யானை எல்லாவற்றையும் தாண்டிப் போனால்தான் அருள் என்பது அவர்கள் நம்பிக்கை. உங்கள் கொள்கையும் அதுதான் என்று விளங்கிக்கொள்கிறேன். ஒரே வித்தியாசம், முருகன் முற்பணம் வாங்கி நுழைவுச்சீட்டு விற்பதில்லை. விற்றுவிட்டுப் பாதையைக் கழற்றுவதும் இல்லை.

நெட்வொர்க் ரெயில்காரரில் நான் அதிகம் பிழை பிடிக்கமாட்டேன். தண்டவாளத்தை என்றைக்காவது திருத்தத்தான் வேண்டும். அலுவலகம் போகிறவர்கள் குறைந்த விடுமுறை நாளில் திருத்துவதுதான் புத்தி. அந்த நாட்களில் ரயிலேறுகிறவர்கள் அம்மாவைப் பார்க்கப் போகிறவர்களும் ஆட்டம் பார்க்கப் போகிறவர்களும்தான் என்பது சின்ன விபரம். ஈஸ்டர் வேலைகள் வெகுகாலம் முன்பே குறிக்கப்படுகிறவை. உங்கள் அரையிறுதிகளோ 2008 முதல் வெம்பிளியை விட்டு அசைந்ததில்லை. ஆக, திகதி முன்பே தெரியும், இடமும் தெரியும். தெரியாமலிருந்தது எந்த அணிகள் என்பது மட்டும். அதாவது, கடைசியில் லண்டன் கழகங்களாக வந்து சேரும், அவர்கள் ரியூப்பில் வந்துவிடுவார்கள் என்று நீங்கள் மனதுக்குள் நேர்ந்துகொண்டிருந்தீர்கள். நேர்த்தி பலிக்கவில்லை. அதற்கு யார் என்ன செய்வது?

மறு வருடம் இதைவிடச் சிறப்பு. 2023 ஜூன் 3, இறுதியாட்டம். கிண்ணத்தின் வரலாற்றில் முதன்முறையாக மான்செஸ்டர் சிட்டியும் மான்செஸ்டர் யுனைடெட்டும் இறுதியில். அன்றைக்கு ரயில் சாரதிகளின் வேலைநிறுத்தம். வேலைநிறுத்தம் அவர்கள் உரிமை, அதில் நான் அவர்கள் பக்கம். ஆனால் ஒரு நகரம் தன் இரண்டு கழகங்களும் மோதுவதைப் பார்க்க, சிவப்பும் நீலமுமாக நெடுஞ்சாலையில் தெற்கே வந்து, பார்த்து முடித்து, அதே நெடுஞ்சாலையில் வெற்றியும் தோல்வியுமாக ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து அதே நகரத்துக்குத் திரும்பிய பேரழகை உங்களைத் தவிர வேறு யாரால் அமைத்திருக்க முடியும்? அன்று சிட்டியின் குண்டோகன் 13 நொடிகூட ஆகுமுன் கோல் போட்டார். இறுதியாட்ட வரலாற்றிலேயே மிக விரைவான கோல். வீதி நெரிசலில் ஒரு நிமிடம் பிந்தியவருக்கு அந்த வரலாறு இல்லை.

இந்த இடத்தில் எட்வர்ட் வாட்கின் என்பவரை உங்களுக்கு அறிமுகம் செய்யவேண்டும். அவருடைய கனவின் அத்திவாரம் உங்கள் புல்தரைக்குக் கீழே கிடந்தது. மெட்ரோபொலிட்டன் ரயில்வேயின் தலைவர். ஈஃபல் கோபுரத்தைவிட உயரமாக ஒரு கோபுரம் கட்டி, அதைப் பார்க்கச் சனம் தன் ரயிலில் ஏறவேண்டும் என்பதற்காகவே வெம்பிளியில் நிலம் வாங்கினார். கோபுரம் முதல் தட்டோடு நின்றது. அத்திவாரம் இறங்கியது. 1907இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில்தான் 1923இல் உங்கள் பழைய அரங்கம் எழுந்தது. இன்னுமொன்று சொல்கிறேன். வெம்பிளி பார்க் நிலையம் 1893இல் முதன்முதலாகக் கதவு திறந்ததே சனிக்கிழமை உதைபந்தாட்டத்துக்கு வருகிறவர்களுக்காகத்தான். வழமையான சேவை அடுத்த வருடம்தான் வந்தது. முதலில் ரயில், முப்பது வருடம் கழித்து அரங்கம். உலகத்தில் மற்ற ஊர்களில் அரங்கத்தைக் கட்டிவிட்டு ரயிலுக்கு விண்ணப்பம் போடுவார்கள். உங்களுக்கு ரயில்தான் அரங்கத்தைப் பெற்றது.

அந்த வாட்கின் பிறந்த ஊர் சல்ஃபோர்ட். மான்செஸ்டருக்கு ஒட்டின ஊர். மான்செஸ்டரில் ஏறுகிறவன் லண்டன் வழியாக, கடலுக்கடியில் சுரங்கத்தால் போய்ப் பாரிஸில் இறங்கவேண்டும் என்பது அந்த மனிதரின் கனவு. கனவில் பாதி பலித்துவிட்டது. இன்று பாரிஸில் ஏறுகிறவர் செயின்ட் பாங்கராஸில் இறங்கி, நிலத்துக்குக் கீழே போய் மெட்ரோபொலிட்டன் ரயிலைப் பிடித்தால் வெம்பிளி பார்க்கில் கால் வைக்கலாம். பாரிஸ் ரசிகருக்கு உங்கள் அரங்கம் பக்கத்தில். மான்செஸ்டர் ரசிகருக்குத்தான் வெளிநாடு.

உங்களுக்கு நியாயம் சொல்ல ஒரு பழைய காரணமும் எனக்குத் தெரியும். 1923 ஏப்ரல் 28, வெம்பிளியில் முதல் இறுதியாட்டம், போல்டனும் வெஸ்ட்ஹாமும். அன்று அரங்கத்தோடு சேர்த்து, அதற்கென்றே மேரிலபோன் பாதையிலிருந்து ஒரு வளையப் பாதையும் நிலையமும்கூடத் திறந்தார்கள். நுழைவுச்சீட்டு முன்கூட்டி வாங்கவேண்டியதில்லை. எல்லா ரயிலும் ஓடியது. விளைவு, கணக்கில் வந்தவர்களே 1,26,047 பேர். மதிலேறிக் குதித்தவர்களையும் சேர்த்தால் இரண்டு இலட்சத்துக்கு மேல் என்கிறார்கள். புல்தரை முழுவதும் சனம். ஜோர்ஜ் ஸ்கோரி என்ற பொலிஸ்காரர் பில்லி என்ற வெள்ளைக் குதிரையில் ஏறிச் சனத்தை மெல்ல மெல்லக் கோட்டுக்கு வெளியே தள்ளி, முக்கால் மணித்தியாலம் பிந்தித்தான் ஆட்டம் தொடங்கியது. போக்குவரத்து நன்றாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அந்த வளையப் பாதை 1960களின் கடைசியில் மூடப்பட்டது. குதிரைகள் மட்டும் இன்றைக்கும் வருகின்றன.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். லண்டனுக்குள் உங்கள் ஏற்பாடு அருமை. மேரிலபோனில் ஏறினால் பத்து நிமிடத்தில் வெம்பிளி ஸ்டேடியம் நிலையம். விஷயம் தெரிந்தவன் பின்ச்லி ரோட்டில் ஜூபிலி ரயிலை விட்டிறங்கி, அதே மேடையின் மறுபக்கத்தில் மெட்ரோபொலிட்டன் ஏறுவான். ஐந்து நிலையங்களை அது நிற்காமல் தாண்டும், அடுத்த தரிப்பு வெம்பிளி பார்க். கடைசி ஆறு மைலில் உங்களை அடிக்க ஆளில்லை. முன்னே கிடக்கிற 194 மைலைத்தான் யாரும் பொறுப்பெடுக்கக் காணோம்.

ஆட்டம் முடிந்த பிறகு வெம்பிளி பார்க் படிகளின் அடியில் ஒருமுறை வந்து நின்று பாருங்கள். ஒலிம்பிக் வே முழுவதும் தலைகள். பிரகாசமான மஞ்சள் மேற்சட்டைக்காரர்கள் நில், போ என்று பலகை பிடித்து நிற்பார்கள். ‘போ’ என்றதும் ஆயிரம் பேர் இருபது யார் நகர்வார்கள். பிறகு ‘நில்’. தோற்ற அணிக்காரர் ஒருவர் அலைபேசியில் ரயில் நேரத்தைப் பார்ப்பார், படியைப் பார்ப்பார், திரும்ப நேரத்தைப் பார்ப்பார். ஒருநாள் அந்த வரிசையின் ஓரத்தில் நான் ஒதுங்கி நடக்கப் பார்க்க, மேற்சட்டை போட்ட ஒரு தமிழ்ப் பெடியன் மறித்தான்.

“அண்ணை, இப்ப போகாதேங்கோ. எங்கயாவது இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு ஆறுதலா வாங்கோ.”

“தம்பி, நான் ரயில் ஏற வரேல்லை. என்ர வீடு அந்தப் பக்கம். றோட்டைக் கடக்க வந்தனான்.”

“றோட்டைக் கடக்கிறதுக்கும் இதுதான் அண்ணை லைன்.”

எனக்கு முன்னால் நின்றவர் விகனிலிருந்து வந்திருந்தார். அவரிடம் பேசியபோதுதான் 2013 இறுதியாட்டத்தின் முழு மகத்துவமும் விளங்கியது. விகனும் மான்செஸ்டர் சிட்டியும். இரண்டும் வடக்கு. ஆட்டம் தொடங்கியது மாலை 5:15க்கு. தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்கு அது தோதான நேரம், ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறார்கள். தொண்ணூறு நிமிடமும் கோல் இல்லை. சனிக்கிழமை இரவில் யூஸ்டனிலிருந்து வடக்கே கடைசி ரயில்கள் வார நாளைவிட முந்தியே கிளம்பிவிடும். மேலதிக முப்பது நிமிடம், பிறகு பெனால்டி, பிறகு கிண்ணம் கொடுப்பது, பிறகு இந்த வரிசை என்று கணக்குப் பார்த்துப் பல்லாயிரம் பேர் வேர்த்துக்கொண்டிருந்தபோது, தொண்ணூறோடு நடுவர் கூட்டிக்கொடுத்த நிமிடத்துக்குள்ளேயே விகனின் பென் வாட்சன் தலையால் முட்டிப் பந்தை உள்ளே போட்டார். விகனின் வரலாற்றில் முதற்பெரும் கிண்ணம் என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு தனிமனிதர் பிரித்தானியப் பொதுப் போக்குவரத்துக்குச் செய்த மிகப் பெரிய தொண்டு என்று யாரும் எழுதவில்லை. தோற்ற சிட்டிக்காரரும்கூட அந்தக் கோலால் பயனடைந்தவர்கள்தான்.

இதிலிருந்து எனக்குச் சில யோசனைகள் பிறந்தன. அணிகளைக் குலுக்கி எடுக்கிற கண்ணாடிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பாத்திரம் வையுங்கள். அதில் எந்தெந்தப் பாதை மூடப்படும் என்ற உருண்டைகளைப் போட்டு, முன்னாள் வீரர் ஒருவரைக் கொண்டு எடுப்பியுங்கள். இப்போது மூன்று கிழமை பொறுத்துத் தெரியவருவது அன்றைக்கே நேரலையில் தெரிந்துவிடும், விளம்பர வருமானமும் கூடும். தொண்ணூறு நிமிடத்தில் சமநிலை என்றால் பெனால்டி வேண்டாம். எந்த அணியின் ரசிகருக்குக் கடைசி ரயில் முந்திப் போகிறதோ அந்த அணிக்கே கிண்ணம், நட்டஈடாக. நடுவர் கையில் மணிக்கூட்டோடு யூஸ்டன் நேர அட்டவணையும் இருக்கட்டும். மூன்றாவதாக, தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு நுழைவுச்சீட்டில் ஆசன இலக்கத்துக்குக் கீழே ஒரு வரி அச்சிடலாம்: ‘இந்தச் சீட்டு 70ஆவது நிமிடம் வரை செல்லுபடியாகும்.’ நடைமுறையில் இருப்பதைத்தானே எழுதுகிறோம்.

இன்னொரு யோசனையும் உண்டு. விபரீதமானது, சொல்லத் தயக்கம். வடக்கத்திய அணிகள் இரண்டு அரையிறுதிக்கு வந்தால் ஆட்டத்தை வடக்கிலேயே வைத்துவிடலாம். 2007 வரை அப்படி ஒரு வழக்கம் இருந்ததாக வயதானவர்கள் சொல்கிறார்கள். ஓல்ட் டிராஃபர்டிலும் பர்மிங்ஹாமின் வில்லா பார்க்கிலும் அரையிறுதி நடக்குமாம். சனம் பின்னேரம் போய்ப் பார்த்துவிட்டு இராச்சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்குமாம். புது அரங்கம் கட்டிய காசை யார் எடுப்பது என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பது சரி. இது நடைமுறைக்கு ஒவ்வாது என்று எனக்கே தெரியும், குறிப்பேட்டில் எழுதவேண்டாம்.

அதுவும் கூடாதென்றால், பருவம் தொடங்குமுன் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் நெட்வொர்க் ரெயிலுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, “ஈஸ்டருக்கு எங்கே கிண்டப் போகிறீர்கள்?” என்று கேட்கலாம். அழைப்புக் காசை நான் தருகிறேன்.

இக்கடிதத்தை உங்கள் கையிலேயே தரலாம் என்றுதான் வெளிக்கிட்டேன். நடந்தால் கொஞ்சத் தூரம். உங்கள் தலைமையகமே அரங்கத்துக்குள் இருக்கிறது, ஆட்ட நாளில் ரயில் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியவேண்டிய தேவையே இல்லை என்பது வழியில்தான் உறைத்தது. ஆனால் இன்று ஆட்டம். வீதி மறித்துவிட்டார்கள், மஞ்சள் மேற்சட்டை ‘நில்’ என்கிறது. எனவே முத்திரை ஒட்டித் தபாலில் போடுகிறேன். ராயல் மெயில் தன் சொந்தத் தபால் ரயில்களை 2024இல் நிறுத்திவிட்டது. ஆகவே கடிதம் நேரத்துக்கு வந்து சேரும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
வரிசையில் நிற்கும் அயலவன்,
வெம்பிளி.