பத்துமலைப் படிகளும் பிட்ரேட் நிர்ணயமும்

காசு கொடுத்து வாங்கிய புளூ-ரே படத்தைச் சுருக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைக்கும்போது 720 கோட்டில் வைப்பதா, 1080 கோட்டில் வைப்பதா? பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை அண்ணன் தம்பி பேச்சையே முறிக்கக்கூடிய கேள்வி இது. தீர்த்துவைக்க இதுவரை அளவுகோல் இல்லை. இக்கட்டுரை பத்துமலை முருகன் கோயிலின் 272 படிகளை அளவுகோலாக முன்மொழிகிறது.

தேர்வு தற்செயலன்று. அஜித் நடித்த ‘பில்லா’ (2007) படத்தின் முருகன் பாட்டு அங்கேதான் படமானது, 42.7 மீட்டர் உயரச் சிலை அதற்கு முந்தைய ஆண்டுதான் திறக்கப்பட்டிருந்தது.

முறையியல் எளிது. படிக்கட்டு திரையின் உயரம் முழுவதையும் நிறைப்பதாகக் கொள்வோம். ஒரு படி படியாகத் தெரியக் குறைந்தது இரண்டு கோடு வேண்டும்: மிதிக்கும் தளத்துக்கு ஒன்று, அதன் கீழ் நிழலுக்கு ஒன்று. ஜாலான் தெங்கு கிளானா கடைகளில் இரண்டு மூன்று டிஸ்க்காக விற்ற வி.சி.டி.யில் மொத்தமே 288 கோடு. சினிமாஸ்கோப் படமென்றால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போக மிஞ்சுவது சுமார் 163. ஆக, படிக்கு ஒன்றே கொடுத்தாலும் 109 படிகளுக்குக் கோடே கிடையாது. முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்ற வடிவம்.

பட்டையை வெட்டிய 720-இன் வழக்கமான அளவு 1280×544. படிக்குச் சரியாக இரண்டு கோடு. 1080-இல் 1920×816, படிக்கு மூன்று. இரண்டிலும் மீதியே இல்லை! 2018-இல் படிகளுக்கு வண்ணம் பூசியபின் சான்று இன்னும் வலுத்தது. நிறத் தகவலைப் பாதிக் கோடுகளில் மட்டும் சேமிப்பது வீடியோ வழக்கம். 544-இல் பாதி 272, படிக்கு ஒரு நிறக்கோடு. கோயிலார் வீடியோவைச் சுருக்கும் என்கோடரைக் கேட்டுத்தான் பூசினார்கள் என்று வாதிட இக்கட்டுரைக்குத் துணிவில்லை. ஆசை உண்டு.

இரண்டைவிட மூன்று மேல்தானே என்பார் தம்பி. இங்கேதான் பிட்ரேட், அதாவது வினாடிக்கு ஒதுக்கும் பிட் அளவு, குறுக்கே வருகிறது. ஹார்ட் டிஸ்க்கிலுள்ள படத்தை உறவினர் வீட்டு டிவியில் போடப் பென்டிரைவில்தான் கொண்டுபோக வேண்டும்; ஃபேட்-32 முறையிலுள்ள பென்டிரைவில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. மூன்று மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு 10,800 வினாடி. ஒலியையும் சேர்த்து வினாடிக்குச் சுமார் 3 மெகாபிட்தான் தேறும். ஒன்றரை மணி நேர ஆங்கிலப் படத்துக்கோ 6. பாட்டு, சண்டை, நகைச்சுவை எல்லாம் சேர்த்துக் கொடுத்த தாராளத்துக்கு இது தண்டனை. (புளூ-ரேயில் படத்துக்கு மட்டுமே 40 மெகாபிட் வரை இடமுண்டு.)

அசையாததை முந்தைய ஃப்ரேமிலிருந்தே எடுத்துக்கொண்டு என்கோடர் மிச்சம் பிடிக்கும். அம்மா அழும் காட்சியில் இது செல்லும். தைப்பூசக் கூட்டத்தில் செல்லாது: காவடியின் மயிற்பீலி ஒவ்வொன்றும் தனித்தனியே ஆடுகிறது, மஞ்சள் வேட்டிகள் நெருக்கியடித்து நகர்கின்றன, போதாததற்குச் சாம்பிராணிப் புகை. 1080-இல் புள்ளிகள் இரண்டேகால் மடங்கு, பிட் மட்டும் அதே 3. கூட்டம் கட்டம் கட்டமாக உடைந்து, மூன்று கோடும் ஒன்றாகக் குழம்பும். 720 பெரும்பாலும் தப்பித்துவிடும்.

2013-இல் வந்த எச்.265 சுருக்கமுறை, பழைய எச்.264-க்கு ஆகும் பிட்டில் ஏறக்குறைய பாதியிலேயே அதே தரத்தைத் தரும் என்பது மெய். ஆனால் பெரியம்மா வீட்டுப் பழைய டிவி அதைத் திறக்காது. தீபாவளிக்கு அங்கே போகிறவர் எச்.264-இல் 720 கொண்டுபோவதே நலம். 1080-தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் தம்பி பென்டிரைவை எக்ஸ்-ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளட்டும்; டிவி அதையும் படிக்காவிட்டால் முறுக்கு சாப்பிடட்டும்.