பிரியாணி பாக்கி

இன்னாங்கடா கண்ணுங்களா, ஷிப்ட் முடிஞ்சுதா? குந்துங்க. அந்த ஹெல்மெட்டைக் கழட்டி ஓரமா வை, என் டீ கிளாஸை இடிக்குது. நேத்தும் அதே பேச்சு, முந்தாநேத்தும் அதே பேச்சு. "ரிஷப் பந்த் மட்டும் அன்னிக்குச் சென்னைக்கு வந்திருந்தா..." வரலைடா. வராத மாப்பிள்ளைக்கு எத்தினி வாட்டி எலை போடுவீங்க? எனக்குப் பந்த்னாலே கடையடைப்புதான் தெரியும். அந்த வருஷம் நீங்க பண்ண அலம்பல்லதான் அது ஆளு பேருன்னு தெரிஞ்சுகினேன்.

கூத்தை மொதல்லேர்ந்து பாத்தவன் நான். 2024 தீபாவளி அன்னிக்கு, ஐபிஎல்ல எந்த டீம் யாரை வெச்சிக்குதுன்னு லிஸ்ட் வந்துது. டில்லி அதோட கீப்பர் பந்தை விட்டுடுச்சு. டிவியில சுரேஷ் ரெய்னா ஒரு பிட்டைப் போட்டாரு: டில்லியில தோனியைப் பாத்தேன், பந்தும் அங்க இருந்தான், சீக்கிரமே ஒருத்தர் மஞ்சள் சட்டை போடப் போறாருன்னு. அம்மாந்தான். சிப்காட் கேட்டுலேர்ந்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வரைக்கும் கல்யாணக் களை. ரெண்டு பேர் ஒரு எடத்துல இருந்தா நிச்சயதார்த்தமா? அப்படிப் பாத்தா இந்த டீ மாஸ்டருக்கும் எனக்கும் இருபது வருஷத்துக்கு முந்தியே கல்யாணம் ஆயிருக்கணும்.

ரோலிங் மில் தம்பி, நீதானே அது? கம்பியில மார்க் போடுற சாக்பீஸை ஜோபியிலேர்ந்து எடுத்து, கடைத் தகரத்துல எழுதினே. மேல சென்னையோட 120 கோடி. கீழ ருதுராஜ் 18, ஜடேஜா 18, பத்திரனா 13, துபே 12, தோனி 4. கோடு கிழிச்சு, 65. மிச்சம் 55. "தாத்தா, 55 கோடி கையில கீது, ஒரு 20 போட்டா பந்த் நம்ம ஆளு"ன்னே. மாஸ்டர் பஜ்ஜியைத் திருப்பிப் போடக்கூட மறந்துட்டு அந்தக் கணக்கையே பாத்துகினு இருந்தாரு. நான் ஒண்ணுதான் கேட்டேன். அஞ்சு பேர் ஆச்சு, குறைஞ்சது 18 பேராச்சும் வேணும். ஒரு பொண்ணுக்கே நகையைப் பூராவும் பூட்டிட்டா, மத்த பன்னெண்டும் வெறுங்கழுத்தோடவா நிக்கும்? நீ பதில் சொல்லலை. சரி, உன் சம்பளத்துல பிஎஃப் எம்மாம் பிடிக்கிறான்னு கேட்டேன். பன்னை டீயில நனைக்க ஆரம்பிச்சுட்டே.

அந்தத் தோனி 4 கோடி கதையும் நீதான் சொன்னே. அஞ்சு வருஷம் நாட்டுக்கு ஆடலைன்னா, இன்டர்நேஷனலே ஆடாத புது ஆளு கணக்குல சேத்துக்கலாமாம். 2019 உலகக் கோப்பை செமி பைனல்தான் அவரு கடைசியா ஆடினது. அடேங்கப்பா! நான் மில்லை விட்டு பதினாறு வருஷமாச்சு. நாளைக்கே போய் கேட்டுல நிக்கிறேன், டிரெய்னின்னு சேத்துக்குவானான்னு கேட்டுச் சொல்லு.

நவம்பர் 24, ஞாயித்துக்கிழமை. ஏலம் ஜெட்டாவுல, கூட்டம் இங்க. பிஸ்கட் டப்பா மேல செல்லைச் சாத்தி வெச்சுகினு ஒம்பது தலை. பந்த் பேரு வந்துது. லக்னோ கேக்குது, ஹைதராபாத் கேக்குது, சென்னை மேசையில ஒரு கை எழும்பலை. விலை இருபதே முக்காலுக்கு ஏறினப்ப டில்லி, "நாங்கதான் முறைமாமன், உரிமை எங்களுக்கு"ன்னு எழுந்து நின்னுது. ரைட் டு மேட்ச்னு சொல்றீங்களே, அது வேற ஒண்ணும் இல்லை, இதான். லக்னோக்காரன் ஒரே தூக்கா 27 கோடின்னான். முறைமாமன் துண்டை ஒதறித் தோள்ல போட்டுகினு போயிட்டான். கொஞ்சம் முந்தித்தான் ஷ்ரேயஸ் ஐயருக்குப் பஞ்சாப் 26.75 கோடி குடுத்து வாயைப் பொளக்க வெச்சுது, அதையும் தாண்டிப் போச்சு. இங்க எழவு வூடு கணக்கா ஒரே அமைதி. ராஞ்சிப் பக்கத்துலேர்ந்து வந்து கிரேன் ஓட்டுறானே ஒரு பையன், அவன் மட்டும் "வராதுன்னு எனக்கு மொதல்லயே தெரியும் தாத்தா"ன்னு சொல்லிட்டு இன்னொரு பன்னு வாங்கித் துன்னான்.

என் பேரன் காலேஜ்ல பாஸ்கெட்பால் ஆடறவன். அமெரிக்காவுல இதைவிடப் பெரிய கூத்துன்னான். 2015 ஜூலையில டியாண்ட்ரே ஜோர்டன்னு ஒரு நெட்டை, டல்லஸ் டீமுக்கு வாய்வார்த்தை குடுத்துட்டானாம். கையெழுத்துப் போடறதுக்குள்ள பழைய டீம் கிளிப்பர்ஸ்காரங்க ஹூஸ்டன்ல இருந்த அவன் வூட்டுக்கே போய்க் குந்திகினாங்களாம். கதவுக்கு நாற்காலியை முட்டுக் குடுத்த போட்டோ வேற போட்டானாம் ஒருத்தன். பையன் கடைசியில பழைய எடத்துலயே கையெழுத்துப் போட்டுட்டான். இதுல ஆச்சரியப்பட இன்னாடா கீது? நம்ம கூவத்தூர் ரிசார்ட் பாக்காத கூத்தா!

நம்மூர்லயே தினேஷ் கார்த்திக் இல்லையா? 2008 மொதல் ஏலத்துல, மெட்ராஸ் பையன், சென்னை நம்மளைத்தான் எடுக்கும்னு நெனைச்சுகினு இருந்தாராம், அவரே சொன்னது. 15 லட்சம் டாலருக்குத் தோனியை எடுத்தாங்க. அப்பால ஆறு டீம் சுத்தி 2024-ல ஓய்வே வாங்கிட்டாரு. மஞ்சள் சட்டை மட்டும் வரவே இல்லை. பொறந்த ஊர்க்காரருக்கே அந்தக் கதி.

அப்பால 2025-ல ஆனது தெரியும். பந்துக்கு அந்த சீசன்ல மொத்தமே 269 ரன்னு, அதுலயும் 118 கடைசி மேட்ச்ல. லக்னோ ஏழாவது. சென்னை பத்துல பத்தாவது, பொறந்ததுலேர்ந்து மொதல் வாட்டி. அதோட விட்டீங்களா? "வந்திருந்தா கடைசி ஆயிருக்க மாட்டோம்"னு ஒரு கோஷ்டி, "வராததால 27 கோடி தப்பிச்சுது"ன்னு ஒரு கோஷ்டி. நடக்காத விசயத்துல இந்த ஒரு சௌகரியம் கீது பாரு, ரெண்டு பேரும் ஜெயிக்கலாம். எளாவூர்ல எனக்குப் பாத்த பொண்ணைக் கட்டியிருந்தா நான் இன்னா ஆயிருப்பேன் தெரியுமா? அம்பது வருஷமா அந்தப் பேச்சுல நான் தோத்ததே இல்லை. உங்க ஆயா காதுல போட்டுடாதீங்க.

உங்க ஜோசியம்தான் எனக்குப் புடிச்சது. 2022-ல கேப்டன் பதவியை விட்டப்ப ஜடேஜா போயிடுவான்னீங்க. போகலை. 2023 பைனல்ல கடைசி ரெண்டு பந்துல சிக்ஸும் ஃபோரும் அடிச்சான், தோனி அவனைத் தூக்கிகினாரு, இனி இந்த மண்ணை வுட்டுப் போவ மாட்டான்னீங்க. 2025 நவம்பர்ல அவனையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் குடுத்துட்டு கீப்பர் சஞ்சு சாம்சனை வாங்கிகினாங்க. சந்தையில மாட்டை மாத்திக்கிற மாதிரி, ஒரு மாட்டோட கன்னையும் சேத்து.

இப்போ இந்த ரோலிங் மில் தம்பி இன்னா சொல்றான்னா, "தாத்தா, கீப்பர் வருவான்னு சொன்னேன், கீப்பர் வந்துட்டான், பந்தயம் தீர்ந்துது"ங்கிறான். தீரலை நைனா. அந்தத் தகரத்துல பாரு, மாஸ்டர் பால் கணக்கு எழுதி எழுதி உன் 120-ம் 65-ம் அழிஞ்சு போச்சு. ஓரத்துல நான் எழுத வெச்ச வரி மட்டும் அப்படியே கீது: பந்த் வரலைன்னா தாத்தாவுக்கு ரெண்டு பிளேட் மட்டன் பிரியாணி. பேரு பந்த். சஞ்சு இல்லை. வர்ற ஞாயித்துக்கிழமை, ஜிஎன்டி ரோட்டுக் கடையில, பன்னெண்டு மணிக்கு நான் குந்தி இருப்பேன். சிக்கன் வாங்கி வந்தா திருப்பி அனுப்பிடுவேன்.