துய்ப்ளே கொடுத்த வாள்

புதுச்சேரியில் வீடு கொஞ்சம் பழசாக இருந்தால் போதும், பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளே அங்கே வந்து போயிருப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தவர் வெறுங்கையோடு வரவில்லை, முன்னோர் ஒருவருக்கு வாள் ஒன்றைப் பரிசளித்துவிட்டுத்தான் போனார் என்பது சித்தப்பாவின் கட்சி. துறைமுகத்துக்கு வந்த கப்பல் முதல் கவர்னர் மாளிகைக்கு வந்த ஆள் வரை நாட்குறிப்பில் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை இதை மட்டும் ஏன் எழுதவில்லை என்று கேட்டால், "அன்னைக்கு அவருக்கு உடம்பு சரியில்லாம இருந்திருக்கும்" என்பார்.

கூடத்துச் சுவரில் உறையோடு தொங்கிய அந்த வாளுக்குப் பித்தளைப் பிடி. பிடிக்கும் அலகுக்கும் நடுவே குறுக்குக் கம்பி; அதன் ஒரு முனை கொக்கியாக வளைந்திருக்கும், மறுமுனையில் ஒரு வளையம். துய்ப்ளே விரல் நுழைத்துக்கொள்ளச் செய்த வளையம் அது என்று சித்தப்பா தன் விரலையே நுழைத்துக் காட்டுவார். ஒருமுறை விரல் மாட்டிக்கொண்டு சோப்பு போட்டு எடுக்க வேண்டியதாயிற்று. கவர்னருக்கு விரல் ஒல்லி என்று அப்போது புதிதாகத் தெரியவந்தது.

வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது வாளையும் சுத்தம் செய்வது என்று முடிவானது. கடற்கரை நாலு தெரு தள்ளி இருக்கும் ஊரில் இரும்பு படும் பாடு தெரியும். காற்றில் வரும் உப்பு அலகின் நுண்குழிகளில் போய் உட்கார்ந்துகொண்டு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். ராத்திரி தேய்த்துப் படுத்தால் காலையில் மறுபடி செம்மண் நிறம். ஆனால் உப்பை விடப் பெரிய வைத்தியர்கள் வீட்டில் இருந்தார்கள். அத்தை புளி என்றாள். பக்கத்து வீட்டில் மண்ணெண்ணெய் என்றார்கள். சித்தி தேங்காய் எண்ணெயே போதும் என்றாள். எல்லா நோய்க்கும் அவளுக்கு அதுதான். புளி பித்தளைக்குச் சரி, இரும்புக்கு ஆகாது, தேங்காய் எண்ணெய் நாளானால் சிக்குப் பிடித்து நாறும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "நேத்து பொறந்தவன்" என்று என்னை ஒதுக்கிவிட்டார்கள்.

மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, பழைய செப்புக்காசின் விளிம்பால் மெல்லச் சுரண்டினேன். இரும்பை விடச் செம்பு மிருது என்பதால் துரு உதிரும், அலகில் கீறல் விழாது. முதலில் உதிர்ந்தது துருவே இல்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அத்தை அப்பிய சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்தன. நுனியில் மட்டும் ஆழமாகக் குழிகள். எதிரியின் கவசத்தில் பட்டு விழுந்தவை என்றார் சித்தப்பா. பூஜையன்று அத்தை எலுமிச்சம்பழம் குத்தி வைப்பது அதே நுனியில்தான். அந்தக் கத்தியோடு மோதிய ஒரே எதிரி எலுமிச்சம்பழம்.

அலகின் முதுகைத் துடைத்தபோது சாய்வெழுத்தில் ஒரு வரி தெரிந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தோம்: ஷாதெல்ரோ நகரத்து இம்பீரியல் ஆயுதச்சாலை, ஜூன் 1868. துய்ப்ளே இங்கே கவர்னராக இருந்தது 1742 முதல் 1754 வரை; பாரிஸில் செத்தது 1763-ல். கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் சித்தப்பா, "இம்பீரியல்னா யாரு?" என்றார். மூன்றாம் நெப்போலியன் என்றேன். அவர் முகம் தெளிந்தது. "மூணாவதா இருந்தா என்ன, நெப்போலியன் நெப்போலியன்தானே!"

அந்தச் சந்தோஷத்தையும் எதிர்வீட்டு சொல்தா தாத்தா கெடுத்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஜூலை 14 வந்தால் மெடல் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போகிறவர். கையில் வாங்கினார், பிடியில் இருந்த பித்தானை அழுத்தினார், வளையத்தைப் பார்த்தார். "இது வாள் இல்ல தம்பி, பயொனெத். இந்த வளையத்துல துப்பாக்கிக் குழல் போவும்." 1866-ல் வந்த ஷஸ்போ துப்பாக்கியின் முனையில் மாட்டுகிற கத்தி அது. துப்பாக்கியைப் போலவே இதையும் லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள். 1874-ல் கிரா துப்பாக்கி வந்ததும் பழசெல்லாம் மூலைக்குப் போயின. கவர்னர் மறைந்து, சக்கரவர்த்தியும் மறைந்து, கடைசியில் யாரோ ஒரு சாதாரணச் சிப்பாய் எங்கள் வீட்டுக்கு முன்னோராக வந்து சேர்ந்தார். எனக்கென்னவோ அவரைத்தான் பிடித்தது. கவர்னர்கள் கத்தியைத் தாங்களாகத் துடைத்திருக்க மாட்டார்கள்.

உறை முழுக்க இரும்பு. உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்தால் மணல், கரப்பான் கால், துருத்தூள், ஒரு ஊக்கு. மொட்டை மாடி வெயிலில் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெயை உள்ளே ஓடவிட்டேன். அலகில் பழுப்பு படிந்த இடங்களைத் தொடவில்லை. பழைய இரும்பைப் பளபளவென்று தேய்ப்பது அதன் வயசைத் தேய்ப்பது. அத்தைக்கு அது குறைதான். "பாத்திரக்காரன்கிட்ட குடுத்திருந்தா மின்னியிருக்கும்."

கடைசியாக ஒரு வில்லங்கம். இந்த வகைக் கத்திக்குக் குறுக்குக் கம்பியில் ஒரு எண் அடித்திருக்கும். உறையிலும் அதே எண் இருக்க வேண்டும். எங்களுடையதில் இரண்டும் வேறு வேறு. இது வேறொரு கத்தியின் உறை. சித்தப்பா இடிந்து போனார். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் போய் அசல் உறையைத் தேடலாமா என்று என்னைப் பார்த்தார்.

முறத்தோடு வந்த சித்தி இரண்டு எண்ணையும் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பத்துப் பொருத்தத்துல நமக்கு ரெண்டுதான் இருக்குன்னு ஜோசியர் சொன்னாரு. உங்கம்மா என்னை மாத்தவா கொண்டு போனாங்க? எண்ணெயத் தடவி மாட்டுங்க, நேரமாச்சு."