மாவு புளித்தால் மெக்கானிக்

சித்திரை வெயிலில் நாகமலை புதுக்கோட்டையில் ராத்திரியிலும் சூடு இறங்காதவை இரண்டு: பகலெல்லாம் காய்ந்த மலைப்பாறை, நம் வீட்டு ஃப்ரிட்ஜ். நேற்று அரைத்த மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்த பிறகுதான் வீட்டில் விசாரணைக் கமிஷன் கூடும். "கேஸ் போயிருக்கும்" என்று எதிர்வீட்டு அண்ணன் எட்டிப் பார்க்காமலே தீர்ப்பு சொல்லிவிடுவார்.

ஃப்ரிட்ஜ் குளிரைத் தயாரிப்பதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ள இடம் வேண்டாமா? முதுகு சுவரோடு ஒட்டியிருக்கிறது. காயிலில் விரல் கனத்துக்குத் தூசி. உள்ளே ஆவி பறக்கும் சாம்பார்ச் சட்டி. கதவு இடுக்கில் 10 ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்தால் அலுங்காமல் கையோடு வருகிறது. ரப்பர் தளர்ந்துவிட்டது, குளிரும் அந்த வழியாகத்தான் போகிறது. உள்ளே 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாதாம். பிள்ளைகள் கதவைத் திறந்துவைத்து, என்ன தின்பது என்று யோசித்து முடிப்பதற்குள் தேனி பஸ் பல்கலைக்கழகத்தைத் தாண்டிவிடும்.

மெக்கானிக் வந்தார். ஃப்ரிட்ஜை அரை அடி முன்னால் இழுத்தார், பிரஷ்ஷால் தூசி தட்டினார், ரப்பரை மாற்றினார். பில்லில் ரப்பருக்குக் கீழே 'ஜெனரல் சர்வீஸ் 500' என்று இருந்தது. 'தூசி தட்டியது' என்று எழுதினால் யார் காசு கொடுப்பார்கள்?