முதலில் எல்லாருக்கும் நிறுத்துங்கள்

மானியத்தை வெறுக்கும் அமெரிக்கக் கோடீசுவரர், மானியத்துக்கு விண்ணப்பிக்கும் காலத்தில்தான் அந்த வெறுப்பை மிகத் தெளிவாக எடுத்துரைக்கிறார். வரிச்சலுகை, கடன் உத்தரவாதம், ஏற்றுமதிக்கு மலிவு நிதி என்று அரசுக் கருவூலத்திலிருந்து பெருநிறுவனங்களுக்குப் போய்ச் சேரும் உதவிகளை அந்நாட்டில் ‘நிறுவனங்களுக்கான நலத்திட்டம்’ என்று ஏளனமாகக் குறிப்பிடுவார்கள். ஏழைகளுக்கான நலத்திட்டத்தை நினைவூட்டி, வாங்குபவரை வெட்கப்பட வைப்பதே அதன் நோக்கம். அவரும் வெட்கப்படுகிறார், வெட்கத்தோடே கையொப்பமிடுகிறார்.

அவருடைய கொள்கை முழுவதும் ஒரு நியாயத்தில் அடங்கிவிடும். போட்டியாளர்கள் அனைவரும் வாங்கும்போது தாம் மட்டும் மறுத்தால் தொழில் நசிந்துவிடும். ஆகவே எல்லாருக்கும் ஒரே நாளில் நிறுத்தட்டும், அதுவரை வாங்கிக்கொள்வோம் என்பதே அது. கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கோக் குழுமத்தின் தலைவர் சார்லஸ் கோக், 2011இல் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளேட்டில் இந்த நியாயத்தை ஒளிவுமறைவின்றி எழுதியிருப்பதால், இவ்வகையினருக்கு அவரையே ஆதிமூலமாகக் கொள்ளலாம். அவருடைய குழுமம் எத்தனாலுக்கு, அதாவது மக்காச்சோளத்திலிருந்து எடுத்துப் பெட்ரோலில் கலக்கப்படும் சாராயத்துக்கு, அரசு தரும் ஆதரவை எதிர்த்துக்கொண்டே எத்தனால் ஆலைகளை வாங்கி நடத்தியது.

இந்த நியாயத்தின் அழகு, அது ஒருநாளும் பொய்க்காது என்பதில் இருக்கிறது. ஒரு துறையில் சலுகை நின்றால் இன்னொரு துறையில் நிற்கவில்லை; உள்நாட்டில் நின்றால் சீனாவில் நிற்கவில்லை. தடையில்லாச் சந்தையின் மேன்மையைப் பற்றி அவர் மாலையில் ஆற்றும் உரையைக் கேட்போர் கண்கலங்குவர். மறுநாள் காலை அவருடைய கணக்காளர் நான்கு படிவங்களை நிரப்பி அனுப்புகிறார். ஐந்தாவது ஒன்றைக் கணக்காளர் தவறவிட்டுவிட்டால், கொள்கைக்குக் கிடைத்த வெற்றி என்று அவர் மகிழ்வதில்லை, வேறு கணக்காளரைத் தேடுகிறார். கல்யாணப் பந்தியில் அமர்ந்து, இத்தனை ஆடம்பர விருந்து தேவையா என்று பக்கத்து இலைக்காரருக்கு விளக்கியபடியே பாயசம் எதுவரை வந்திருக்கிறது என்று எட்டிப் பார்ப்பவர், நடுவில் எழுந்தால் மரியாதை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்வார்.

இவரை வெறும் வேடதாரி என்று தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்கப் பொருள்களை வாங்கும் வெளிநாட்டவருக்குக் கடன் வசதி செய்து தருவதற்காக 1934இல் தோன்றிய ஏற்றுமதி இறக்குமதி வங்கி, விமானம் வாங்குவோருக்கே பெருமளவு உதவியதால் ‘போயிங்கின் வங்கி’ என்று பெயரெடுத்தது. கோக் ஆதரவில் இயங்கிய அமைப்புகள் அதை எதிர்த்துப் போராடின; நாட்டின் வணிகச் சபையே வங்கியின் பக்கம் நின்றபோதும் அவை அசையவில்லை. 2015 ஜூன் 30ஆம் நாளுடன் புதிய கடன் தரும் உரிமம் காலாவதியாகி, டிசம்பரில்தான் மீண்டும் உயிர்பெற்றது. சொந்த வர்க்கத்தோடு மல்லுக்கு நின்ற அந்த ஐந்து மாதங்களுக்காக அவரைக் கொஞ்சம் நேசிக்கலாம். விமானம் கட்டுவது அவருடைய தொழிலன்று என்பதை அப்போது மறந்திருந்தால் போதும்.

எலான் மஸ்க்கிடம் இதே வகையின் இளைய கிளையைக் காணலாம்: அவருடைய டெஸ்லா 2010இல் அரசிடமிருந்து 46.5 கோடி டாலர் கடன் பெற்று, 2013இல் கெடுவுக்கு முன்பே அடைத்துவிட்டது. 2024இல் அவர், மானியங்களை எடுத்துவிடுங்கள், அது டெஸ்லாவுக்கு நல்லதே என்று அறிவித்தார். பின்னால் வரும் போட்டியாளர்களுக்கும் நல்லதா என்று அவரிடம் கேட்பது நாகரிகமாகாது.

உண்மையான மனக்குறை வேறு. 2016 தேர்தலையொட்டி 88.9 கோடி டாலர் செலவிடப் போவதாகக் கோக் சகோதரர்களின் கூட்டமைப்பு முன்கூட்டியே அறிவித்தது. இத்தனை செல்வாக்கு உடையவர்கள், எல்லாருக்கும் ஒரே நாளில் நிறுத்தும் அந்த நாளை, வானிலையைப் போலத் தங்கள் கையில் இல்லாத ஒன்றாகவே பேசுகிறார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அது கைவராத வித்தையுமன்று. உழைக்கும் உடல்வலு இருந்தும், பிள்ளைகளைப் பேணும் பொறுப்பு இல்லாத வயதுவந்தோர், வாரம் 20 மணிநேர வேலையோ பயிற்சியோ இல்லாவிட்டால், மூன்று ஆண்டுகளில் மூன்று மாதங்களுக்குமேல் உணவு உதவி பெறலாகாது என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒரே வீச்சில் விதித்தது. எத்தனாலுக்கான வரிச்சலுகையோ 1978இல் தொடங்கி 2011இன் இறுதிவரை நீடித்தது. அது முடிந்த பிறகும், பெட்ரோலில் உயிரி எரிபொருளைக் கலந்தே தீர வேண்டும் என்று 2005இல் வந்த கட்டாயம் இன்னும் இருக்கிறது. அதையும் சார்லஸ் கோக் கொள்கையளவில் எதிர்க்கிறார்.