நாளைக்குக் கட்டாயம் போகிறவர்

பங்குனி உத்திரத்துக்குக் கன்னத்தின் இந்தப் பக்கம் குத்திய வேலை அந்தப் பக்கம் வாங்கி, காவடியும் தூக்கிக்கொண்டு, ஒரு முனகல் இல்லாமல் மலையேறி இறங்கிவிடுவார். அதே கன்னத்தின் உள்பக்கம் மெல்லிய ஊசி ஒன்று போடவேண்டும் என்றால், "இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே" என்பார். தெருவுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். சில வீடுகளில் இரண்டு பேர்.

தீபாவளி முறுக்கில் ஆரம்பித்த சங்கதி இது. அன்றிலிருந்து இவருடைய இடது கடைவாய்க்கு விடுமுறை. சாப்பாடு முழுக்க வலது பக்கம்தான். தண்ணீர் குடிப்பதுகூடத் தலையை ஒருச்சாய்த்துத்தான். பார்ப்பவர்கள் கழுத்து சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் பெயர் சொல்கிறார்கள். வீட்டில் யாராவது பல் டாக்டர் என்று வாயெடுத்தால் பதில் தயாராக இருக்கும்: "நாளைக்குக் கட்டாயம் போறேன்."

வைத்தியம் நடக்காமல் இல்லை. உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பு, மெடிக்கல் ஷாப்பில் "பல்வலிக்கு நாலு மாத்திரை", பஞ்சில் தோய்த்த கிராம்புத் தைலம். மாத்திரையை நேராகப் பல்லின்மேலேயே வைக்கச் சொன்ன மைத்துனர் ஒருவரும் உண்டு. ஆஸ்பிரின் ஈறைச் சுட்டு வெள்ளையாக்கியதுதான் மிச்சம். கிராம்பு மட்டும் கொஞ்சம் கேட்டது. கேட்காமல் என்ன செய்யும்? அதிலுள்ள யூஜெனால் மரத்துப்போக வைக்கும் சரக்கு. பல் டாக்டர்கள் அதைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துத்தான் குழியைத் தற்காலிகமாக அடைக்கிறார்கள். கிளினிக் வாசனையில் பாதி அதுதான். எந்த வாசனைக்குப் பயந்து எதிர்ச்சாரியில் நடக்கிறாரோ, அதையே ராத்திரி முழுக்க வாயில் அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறார்.

பயம் என்று இவர் ஒருநாளும் ஒப்புக்கொள்வதில்லை. எல்லாமே காரணங்கள். மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடுமாம். மேல்தாடைப் பற்களுக்குப் போவது முப்பிரிவு நரம்பின் ஒரு கிளை. பார்வைக்கு இருப்பது வேறு தனி நரம்பு. ஒன்றைத் தொட்டால் மற்றது அணையாது. இத்தனைக்கும் இவருக்கு வலிப்பது கீழ்ப் பல். அடுத்த காரணம், சொத்தைக்குள் புழு இருக்கிறதாம். கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்தால் பொலபொலவென்று உதிர்ந்துவிடுமாம். பல்லில் புழு கிடையாது என்று பிரான்சின் பியர் ஃபோஷார் 1728-இலேயே எழுதிவிட்டார். சேதி இன்னும் இவர் தெருவுக்கு வந்து சேரவில்லை.

இவரைப் போன்றவர்களை அளக்க அமெரிக்காவில் நார்மன் கோரா 1969-இல் நான்கு கேள்விகள் வைத்தார். நாளைக்கு டாக்டரிடம் போகவேண்டும் என்றால் எப்படி இருக்கும்? வெளியே காத்திருக்கும்போது? நாற்காலியில் உட்கார்ந்தபின் டாக்டர் ட்ரில்லை எடுக்கும்போது? பல்லைச் சுரண்டக் கருவியை எடுக்கும்போது? மொத்தம் 20 மதிப்பெண். 15-ஐத் தொட்டால் பயம் முற்றிய கேஸ். ஊசியைப் பற்றிய ஐந்தாவது கேள்வி பின்னால் வந்து சேர்ந்தது. நம்மவர் எழுதினால் 15-ஐத் தாண்டிவிடுவார். படித்த காலத்தில் எந்தப் பரீட்சையிலும் இவ்வளவு வாங்கியதில்லை.

அப்படியானால் அலகு குத்தியது எப்படி? அது இவரே நேர்ந்துகொண்டது. விரதமிருந்து, நாள் பார்த்து, நின்றபடி ஏற்றுக்கொண்டது. பல் நாற்காலியில் மல்லாத்திவிடுகிறார்கள். கண்ணில் விளக்கு, வாயில் அடுத்தவர் கை. உள்ளே என்ன நடக்கிறதென்று பார்க்கவும் முடியாது, "போதும்" என்று சொல்லவும் முடியாது. வலியைவிட இந்தக் கையாலாகாத நிலைதான் பலரைக் கலக்குகிறது. போதாக்குறைக்குச் சின்ன வயதில், மரக்குமுன்னே பல்லைப் பிடுங்கிய அனுபவம் ஒன்று இருக்கும். இல்லாவிட்டால், "சாப்பிடலேன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" என்று மிரட்டிய அம்மா இருப்பார்.

இந்தப் பயத்துக்குச் சாமர்த்தியம் அதிகம். தனக்கு வேண்டிய சாட்சியைத் தானே தயார் செய்துகொள்ளும். தள்ளிப்போடப் போட சொத்தை ஆழமாகிச் சீழ் பிடிக்கும். சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடுவதால் மரக்கும் ஊசி சரியாக வேலை செய்யாது. அன்றைக்குப் பார்த்துப் போனால் வலிக்கத்தான் வலிக்கும். "அப்பவே சொன்னேன்ல?" என்பார். பத்து நிமிஷத்தில் அடைத்திருக்கக்கூடிய குழி இது என்பது அவர் கணக்கில் வராது.

ஒரு ஞாயிறு விடியற்காலை இடது கன்னம் கொழுக்கட்டையாக வீங்கி நின்றது. மனைவி எதுவும் பேசவில்லை, ஆட்டோவைக் கூப்பிட்டார்.

சின்ன வயது டாக்டரம்மா. கருவி எதையும் கையில் எடுக்காமல் முதலில் பேச்சுக் கொடுத்தார். "வலிச்சா இடது கையைத் தூக்குங்க சார், உடனே நிறுத்திடறேன்." கண்ணாடியை வாய்க்குள் வைக்குமுன்பே கை உயர்ந்தது. நிறுத்தினார். மறுபடி உயர்ந்தது, சும்மா சோதித்துப் பார்க்கத்தான். அதற்கும் நிறுத்தினார். அப்புறம் கைக்கு வேலை குறைந்துவிட்டது. ஈறில் மரக்கும் ஜெல்லைத் தடவினார். சீழ் இருக்கும் இடத்தை விட்டு, தாடைக்குள் நரம்பு நுழையும் இடமாகப் பார்த்து, கன்னத்தை ஆட்டிக்கொண்டே மெதுவாக மருந்தை ஏற்றினார். ஆட்டுகிற உணர்ச்சி வலிச் செய்தியை அமுக்கும். "ஒரு நிமிஷம் படபடன்னு இருக்கும். மருந்துல அட்ரினலின் இருக்கு, அதனாலதான்" என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்தார். சொல்லாமல் விட்டிருந்தால் நம்மவர் அதை மாரடைப்பு என்றே எடுத்துக்கொண்டிருப்பார்.

இதற்கும் மசியாதவர்களை மனநல நிபுணர்கள் படிப்படியாகப் பழக்குவதுண்டு: முதல் நாள் கிளினிக் வாசல், அடுத்தது நாற்காலி, அப்புறம் கண்ணாடி. சிலருக்குச் சிரிப்பு வாயு. பல் பிடுங்க அதை 1844 டிசம்பரில் தன்மேலேயே சோதித்தவரும் ஒரு பல் டாக்டர்தான். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹோரஸ் வெல்ஸ் அந்த வாயுவை இழுத்துவிட்டுத் தன் பல்லைச் சக டாக்டரிடம் பிடுங்கக் கொடுத்தார். வலி என்றால் பயம் டாக்டருக்கும் உண்டு போலிருக்கிறது.

சீழ் வடிந்தது, ரூட் கெனால் முடிந்தது, கேப்பும் போட்டாயிற்று. கடைசி நாள் டாக்டரம்மா வலது பக்கம் எட்டிப் பார்த்து, "இங்க ஒண்ணு இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. இன்னைக்கே அடைச்சிடலாமா? ஊசிகூடத் தேவைப்படாது" என்றார்.

"அதுதான் வலிக்கவே இல்லையே டாக்டர்!"

பணம் கட்டிக்கொண்டிருந்த மனைவி திரும்பினார். "சனிக்கிழமை சாயங்காலம் எழுதிக்கோங்க டாக்டர். நான் கூட்டிட்டு வர்றேன்."